ஒரே அசைவு, பல உலாவிகள்: வலைப்பக்க அனிமேஷன் நிரல்களின் பொருந்தாமையும் தீர்வுகளும்

ஒரு வலைப்பக்கத்தில் மெனு மெல்ல விரிகிறது. ஒரு படம் மங்கி மறைய, அடுத்தது தோன்றுகிறது. அறிவிப்புப் பெட்டி ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து நிற்கிறது. எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடும் இந்த அசைவுகள் இன்னொருவரின் உலாவியில் துள்ளலாம், இரட்டை வேகத்தில் பாயலாம், பாதியில் உறையலாம், தொடங்காமலே போகலாம். அசையாத பக்கத்தில் உலாவிகளுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் சில பிக்சல் இடைவெளியோடு முடிந்துவிடும். அசையும் பக்கத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதன் மேல் கணக்கிடப்படுவதால் சிறு பிசகும் வளர்ந்துகொண்டே போகும். அதைவிடக் கவலை தருவது, அசைவு முடிந்த பிறகே திறக்கும் பொத்தான்களும் படிவங்களும்தான். அசைவு நின்றால் அந்தப் பக்கத்துக்கு வந்தவரின் வேலையும் நின்றுவிடுகிறது.

1997 முதல் இன்றுவரை இச்சிக்கலுக்குப் பலவகைத் தீர்வுகள் முயலப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எவை நிலைத்தன, எவை சில ஆண்டுகளில் தாமே புதிய பழுதாக மாறின என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவு இது: 'உலாவிக் குறை' என்று நாம் பெயரிடுபவற்றில் பெரும்பகுதி, நிரல் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பிக்கொண்ட ஊகங்கள். அளவு, நேரம், நிகழ்வு, எழுத்து ஆகிய நான்கைப் பற்றிய ஊகங்களை வெளிப்படையாக எழுதவைத்த தீர்வுகள் நிலைத்தன. ஊகத்தின் மேல் இன்னோர் ஊகத்தை அடுக்கியவை உதிர்ந்தன.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு வழிகள்

நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வடிவமான ஜேஸ்கிரிப்டை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3இல் சேர்த்தது. 1997இல் இரு நிறுவனங்களும் தத்தம் 4ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பக்கத்தில் உள்ள ஒரு பகுதியை நிரலால் நகர்த்துவது சாத்தியமானது. வழிதான் வேறு வேறு. நெட்ஸ்கேப்பில் அப்பகுதியை 'டாக்குமென்ட்.லேயர்ஸ்' பட்டியலில் தேடி, அதன் இடத்தை வெறும் எண்ணாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் 'டாக்குமென்ட்.ஆல்' பட்டியலில் தேடி, அதன் 'ஸ்டைல்' பொருளுக்குள் புகுந்து மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு, சாளரத்தின் அளவை மாற்றினால் நெட்ஸ்கேப் 4 பக்கத்தின் இடவமைப்பைத் தொலைத்துவிடும். பக்கத்தை மறுபடி ஏற்றுவதே அன்றிருந்த பரிகாரம்.

1998 அக்டோபரில் டபிள்யூ3சி அமைப்பு ஆவணப் பொருள் மாதிரியின் முதல் நிலையைத் தரநிலையாக அறிவித்தது. 'கெட்எலிமென்ட்பைஐடி' என்ற பொது வழி அதில் வந்தது. எக்ஸ்ப்ளோரர் 5 அதை ஏற்றது, மோஸில்லா அதன் மேலேயே கட்டப்பட்டது. ஆனால் பழைய உலாவிகள் ஒரே நாளில் மறையவில்லை. எனவே நிரலர்கள் மூன்றாவது கிளையைச் சேர்த்தார்கள். முதல் இரண்டும் அப்படியே கிடந்தன. தரநிலை வந்தால் பொருந்தாமை தீரும் என்ற நம்பிக்கைக்கு அன்றே கிடைத்த பாடம் இது. ஒரு தீர்வு பிறந்த பிறகும் அதற்கு முந்தைய தீர்வுகள் பக்கங்களில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

முதல் ஊகம்: அளவு

ஒரு பெட்டியை நகர்த்த, அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய நிரல்கள் 'ஸ்டைல்.லெஃப்ட்' மதிப்பை எடுத்து எண்ணாக்கி, அதோடு 5ஐக் கூட்டி, திரும்ப எழுதின. இதில் பல ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. தொடக்க இடம் தனி சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதப்பட்டிருந்தால் 'ஸ்டைல்.லெஃப்ட்' வெறுமையாக இருக்கும். அதை எண்ணாக்கினால் 'எண் அல்லாதது' என்ற விடை வரும். அந்த விடையை எழுத முயன்றால் பழைய எக்ஸ்ப்ளோரர் பிழை காட்டி நிரலை நிறுத்திவிடும். மற்ற உலாவிகள் ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கிவிடும். அலகில்லாத எண்ணைக் கொடுத்தால் பழைய முறைமையில் ஓடும் பக்கம் ஏற்கும், தரநிலை முறைமையில் ஓடும் பக்கம் புறக்கணிக்கும். ஒரே பிழை மூன்று முகத்தோடு தெரிவதால், பார்ப்பவருக்கு மூன்று உலாவிகளில் மூன்று குறைகள் இருப்பதாகத் தோன்றும்.

பெட்டியின் அகலமும் இப்படித்தான். எக்ஸ்ப்ளோரர் 5 உள்விளிம்பையும் எல்லைக் கோட்டையும் அகலத்துக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிட்டது. தரநிலை அவற்றை வெளியே வைத்தது. விரியும் மெனு ஓர் உலாவியில் 200 பிக்சலில் நின்றால் இன்னொன்றில் அதைத் தாண்டி நின்றது. இன்று 'பாக்ஸ்-சைசிங்' பண்பின் மூலம் எந்தக் கணக்கு வேண்டும் என்பதைப் பக்கமே அறிவித்துவிடலாம். அறிவித்த பிறகு இந்தப் பிணக்குக்கு இடமில்லை.

ஒளிபுகாமை அளவுக்கு மற்ற உலாவிகள் 0 முதல் 1 வரையான பண்பை ஏற்றபோது, எக்ஸ்ப்ளோரர் 8 வரை 0 முதல் 100 வரை எண்ணும் 'ஃபில்ட்டர்' ஒன்றே வழி. அந்த ஃபில்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை எழுத்துகளின் விளிம்பு மழுமழுப்பு இழந்து கரடுமுரடாகத் தெரிந்தது. அசைவு முடிந்ததும் ஃபில்ட்டரை அகற்றுவதே திருத்தம். எஸ்.வி.ஜி. படங்களில் சுழற்சி மையமும் அளவுப் பிணக்குதான். சாதாரணப் பெட்டி தன் நடுவைச் சுற்றிச் சுழலும், எஸ்.வி.ஜி. உறுப்பு இயல்பாகப் படத்தின் மூலைப் புள்ளியைச் சுற்றும். 'டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ்' பண்பையும் மையத்தையும் இரண்டையுமே எழுதிவிட்டால் இன்றைய உலாவிகள் ஒத்துப்போகின்றன.

பக்கத்தை மெல்ல உருட்டும் நிரல்களின் கதை இன்னும் நீளம். உருட்டிய தூரம் எந்த உறுப்பில் பதிவாகிறது? வெப்கிட் எஞ்சின் வழிவந்த உலாவிகள் 'பாடி' உறுப்பில் என்றன, மற்றவை வேர் உறுப்பில் என்றன. நிரலர்கள் இரண்டையும் ஒருசேர அசைத்துத் தப்பினார்கள். அதன் விளைவாக, அசைவு முடிந்ததும் ஓட வேண்டிய பணி இரண்டு முறை ஓடியது. 2017இல் குரோம் 61 தரநிலையின் பக்கம் மாறியபோது, 'குரோம் என்றால் பாடி' என்று எழுதியிருந்த நிரல்கள் உடைந்தன. 'டாக்குமென்ட்.ஸ்க்ரோலிங்எலிமென்ட்' எது என்று உலாவியிடமே கேட்டவை உடையவில்லை.

இரண்டாம் ஊகம்: நேரம்

பொருந்தாமையின் ஆழமான வேர் இங்கே இருக்கிறது. தொடக்கக் கால நிரல் 'செட்இன்டர்வல்' மூலம் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பெட்டியை 2 பிக்சல் நகர்த்தச் சொல்லும். 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை என்பது உலாவியிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. விண்டோஸ் கணினிகளின் இயல்பான கடிகாரத் துடிப்பு சுமார் 15.6 மில்லிவிநாடி, அதற்குள் இருமுறை அழைக்கப் பழைய உலாவிகளால் முடியாது. 2008இல் வந்த குரோம் 1 மில்லிவிநாடி வரை இறங்கியது, பிறகு 4ஆக உயர்த்தியது. எச்.டி.எம்.எல். தரநிலையும் அடுக்கடுக்காக வரும் அழைப்புகளுக்கு 4 மில்லிவிநாடிக் கீழ்வரம்பை வைத்தது. 2011 முதல் பின்னணித் தாவல்களில் விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் அழைக்க உலாவிகள் மறுத்தன. இத்தனை மாறுபாடுகளுக்கு நடுவில் அழைப்புகளின் எண்ணிக்கையை நம்பி அசைவை எழுதுவது, நடந்து போகிறவர் ஊர் சேரும் நேரத்தைக் கடிகாரம் பார்க்காமல் அவர் எடுத்துவைக்கும் எட்டுகளை எண்ணிச் சொல்வது போன்றது.

'ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம்' வந்ததும் நிலைமை மேம்பட்டது. மோஸில்லாவில் ராபர்ட் ஓ'கலகன் முன்வைத்த இந்த எண்ணம் 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இலும், வெப்கிட் முன்னொட்டோடு குரோமிலும் வெளியானது. திரை அடுத்த முறை வரையப்படும் முன் நிரலை அழைக்கும் ஏற்பாடு அது. ஆனால் எட்டுகளை எண்ணும் பழக்கத்தை இந்த வசதி போக்கவில்லை. 'விநாடிக்கு 60 முறை' என்ற புதிய ஊகத்தோடு எழுதிய நிரல்கள், 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டை வேகத்தில் பாய்ந்தன. ஐபோன் குறைமின் முறையில் சஃபாரி விநாடிக்கு 30 முறையாகக் குறைக்கும்போது அதே அசைவு பாதி வேகத்தில் ஊர்கிறது.

சரியான எழுத்துமுறை எளியது. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அழைப்பிலும் கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, கிடைக்கும் பின்னத்திலிருந்து இடத்தைக் கணக்கிட வேண்டும். பத்து ஃபிரேம் தவறினாலும் பெட்டி உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. அழைப்போடு வரும் நேர முத்திரை முதலில் 1970 தொடங்கி எண்ணப்பட்ட மில்லிவிநாடியாக இருந்தது. பிறகு பக்கம் திறந்த கணத்திலிருந்து எண்ணும் நுண்கடிகாரமாக மாறியது. தொடக்கத்தை 'டேட்.நவ்' மூலமும் முடிவை நேர முத்திரை மூலமும் அளந்த நிரலுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எதிர்மறை எண் கிடைத்தது. அசைவு நகரவே இல்லை. முதல் அழைப்பில் வரும் முத்திரையையே தொடக்கமாகக் கொள்வதும், பின்னத்தை 0க்கும் 1க்கும் இடையில் அடக்கி வைப்பதும் இதற்கு முழுத் தீர்வு.

ஜேகுவெரி லைப்ரரியின் அனுபவம் இங்கே நினைவுகூரத்தக்கது. 2011இல் 1.6 பதிப்பில் அது 'ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம்' முறைக்கு மாறியது. பின்னணித் தாவலில் திரை வரைவு நின்றுவிடுவதால், 'செட்இன்டர்வல்' தொடர்ந்து அனுப்பிய அசைவுகள் வரிசையில் குவிந்தன. பயனர் திரும்பி வந்ததும் அவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. 1.6.3இல் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் வந்த 3.0 பதிப்பில்தான் மீண்டும் இடம்பெற்றது. நேரத்தைப் பற்றிய ஊகத்தை லைப்ரரி திருத்தினால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் பக்கங்களும் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் ஊகம்: நிகழ்வு

2007இல் வெப்கிட் குழு அசைவுகளைச் சி.எஸ்.எஸ்.ஸிலேயே எழுதும் வழியை அறிமுகம் செய்தது. கணக்கிடும் பொறுப்பு உலாவியிடம் போனது. எப்போது முடிந்தது என்று அறியும் தேவை நிரலிடம் எஞ்சியது. அந்த அறிவிப்பின் பெயரோ இடத்துக்கு இடம் மாறியது: வெப்கிட்டில் 'வெப்கிட்டிரான்சிஷன்எண்ட்', ஓபராவில் 'ஓடிரான்சிஷன்எண்ட்', ஃபயர்ஃபாக்ஸிலும் எக்ஸ்ப்ளோரர் 10இலும் 'டிரான்சிஷன்எண்ட்'. பண்புகளின் பெயரிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் முன்னொட்டு ஏறியது.

முன்னொட்டு சோதனைக் காலத்துக்கான அடையாளம். கைபேசிச் சந்தையில் வெப்கிட் ஓங்கியிருந்ததால் பலர் அதன் முன்னொட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினார்கள். 2012இல் ஓபராவும், 2015இல் எட்ஜும், 2016இல் ஃபயர்ஃபாக்ஸ் 49உம் வெப்கிட் முன்னொட்டுகளைத் தாங்களே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. குரோமின் பிளிங்க் எஞ்சின் 2013இல் பிறந்தபோதே புதிய முன்னொட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆட்டோபிரிஃபிக்சர் போன்ற கருவிகள் முன்னொட்டுகளை எந்திரமே சேர்க்கும்படி செய்து கைவேலையைப் போக்கின.

பெயர்ச் சிக்கல் தீர்ந்தது; நிகழ்வு வந்தே தீரும் என்ற ஊகம் இன்றும் தீரவில்லை. உறுப்பு இடையில் மறைக்கப்பட்டால் முடிவு நிகழ்வு வராது. தொடக்க மதிப்பும் இறுதி மதிப்பும் ஒன்றாக இருந்தாலும் வராது. மூன்று பண்புகள் மாறினால் மூன்று முறை வரும். உள்ளிருக்கும் உறுப்பின் நிகழ்வு மேலேறி வந்து வெளிப்பெட்டியின் முடிவாகத் தோன்றும். திரையை மறைத்து நிற்கும் பெட்டி மூடாமல் போவதற்கு இவையே முதற்காரணங்கள். எந்த உறுப்பு, எந்தப் பண்பு என்று சரிபார்ப்பதும், அசைவின் கால அளவைவிடச் சற்றுக் கூடுதலான ஒரு பாதுகாப்பு நேரக்கெடுவை வைப்பதும் அவசியம். வெப் அனிமேஷன்ஸ் ஏபிஐ இதை இன்னும் நேர்த்தியாகத் தீர்க்கிறது. 2014இல் குரோம் 36, 2016இல் ஃபயர்ஃபாக்ஸ் 48, 2020இல் சஃபாரி 13.1 என அது எங்கும் வந்துசேர்ந்தது. அதில் அசைவு ஒரு பொருளாகவே கையில் கிடைக்கிறது. முடிந்ததா, நிறுத்தப்பட்டதா என்று அதனிடமே கேட்கலாம்.

நான்காம் ஊகம்: எழுத்து

தமிழ்ப் பக்கங்களை எழுதுவோர் தனியே கவனிக்க வேண்டிய பகுதி இது. தலைப்பை எழுத்து எழுத்தாகத் தோன்றச் செய்யும் நிரல்கள், சரத்தை வெட்டினால் எழுத்து கிடைக்கும் என்று நம்புகின்றன. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பலிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் 5. உயிர்க்குறியும் புள்ளியும் தனித் தனியாக எண்ணப்படுவதே காரணம். தட்டச்சு போலத் தோன்றும் அசைவில் 'கெ' வரும்போது முதலில் 'க' தெரியும். அடுத்த ஃபிரேமில் கொம்பு இடப்பக்கம் வந்து நிற்க, 'க' வலப்பக்கம் துள்ளும். ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வைத்துச் சுழற்றும் நிரலில், துணையிழந்த குறி புள்ளி வட்டத்தோடு அலையும். 'கொ' என்பதன் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்த இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். எனவே ஒரே சொல் இரண்டு கோப்புகளில் இரு வேறு விதமாக வெட்டுப்படும்.

இதற்கான நேரான கருவி 'இன்டல்.செக்மென்டர்'. பயனர் காணும் எழுத்தின் எல்லையில் அது வெட்டும். குரோமில் 2020இலும் சஃபாரியில் 2021இலும் வந்த அது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் 125ஆம் பதிப்பில்தான் வந்தது. இல்லாத உலாவியில் சொல்லுக்குச் சொல் வெட்டிக் காட்டுவது பாதுகாப்பான மாற்று. சரத்தை முதலில் யூனிகோட் இயல்வடிவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. செக்மென்டரும் 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளை இரண்டாகவே பிரிக்கிறது. அவற்றை நிரலில் தனியே சேர்த்துவைக்க வேண்டும். எந்த எழுத்துமுறைக்காக எழுதப்பட்டது என்பதை வெளியிலிருந்து எடுத்த நிரல் தானாகச் சொல்லாது. அதைச் சோதித்தறியும் பொறுப்பு நம்முடையது.

தீர்வுகளை மதிப்பிடுதல்

மிகப் பழைய தீர்வு, உலாவியின் பெயரைக் கேட்டு அதற்கேற்பக் கிளை பிரிப்பது. இதைவிட அதிகம் கேடு செய்த வழி வேறில்லை. எக்ஸ்ப்ளோரர் தன் தொடக்கக் காலப் பதிப்புகளிலேயே தன்னை 'மோஸில்லா' என்று சொல்லிக்கொண்டது, நெட்ஸ்கேப்புக்கு மட்டும் தரப்பட்ட பக்கங்களைப் பெறுவதற்காக. ஓபரா 10ஆம் பதிப்பை எட்டியபோது, முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் நிரல்கள் அதை 1ஆம் பதிப்பாகக் கருதின, தன்னை 9.80 என்றே அறிவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐ எட்டும்போதும் இதே அச்சம் எழுந்து, முன்கூட்டியே சோதனைகள் நடந்தன. ஐபோனில் குரோம் என்ற பெயரோடு ஓடுவதும் உள்ளே வெப்கிட்தான். பெயரைக் கேட்டு எழுதிய திருத்தம் எந்த எஞ்சினைத் திருத்துகிறது என்பதுகூட உறுதியில்லை.

இரண்டாவது வழி, திறனைக் கேட்பது. மாடர்னைசர் (2009) இதைப் பரவலாக்கியது. பிறகு 'சி.எஸ்.எஸ்.சப்போர்ட்ஸ்' உலாவிக்குள்ளேயே வந்தது. இதை முறையாகச் செய்தால் நீடிக்கும். முறை தவறினால் பெயர் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. 'டாக்குமென்ட்.ஆல் இருக்கிறதா' என்று கேட்டு, 'இருந்தால் எக்ஸ்ப்ளோரர்' என முடிவுகட்டிய நிரல்கள் ஏராளம். அவற்றுக்காக இன்றைய எச்.டி.எம்.எல். தரநிலை, டாக்குமென்ட்.ஆல் இருந்தும் 'இல்லை' என்று விடை தரும்படி விதித்திருக்கிறது. எந்தத் திறனைப் பயன்படுத்தப் போகிறோமோ அதையே கேட்க வேண்டும். வேறொன்றைக் கேட்டு இதை ஊகிக்கக் கூடாது.

மூன்றாவது வழி லைப்ரரிகள். ஸ்கிரிப்டாகுலஸ் (2005), மூடூல்ஸ், ஜேகுவெரி (2006) ஆகியவை வேறுபாடுகளைத் தம் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு நிரலருக்கு ஒரே முகத்தைக் காட்டின. எக்ஸ்ப்ளோரர் 6 ஆண்ட காலத்தில் சிறு குழுக்களும் தனியாட்களும் அசைவுள்ள பக்கங்களை எழுத முடிந்தது இவற்றால்தான். அதற்கான விலை பின்னால் தெரிந்தது. மொழியின் உள்பொருள்களில் மூடூல்ஸ் தன் சொந்த 'ஃபிளாட்டன்' முறையைச் சேர்த்திருந்தது. 2018இல் மொழியே அப்பெயரைக் கொண்டுவர முயன்றபோது பழைய பக்கங்கள் உடைந்தன. புதிய முறைக்கு 'ஃபிளாட்' என்று வேறு பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. தன் எல்லைக்குள் நிற்கும் லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதே இதிலிருந்து பெறும் படிப்பினை. ஜிசாப் போன்றவை எஸ்.வி.ஜி. சுழற்சி மையம் போன்ற பிணக்குகளை இன்றும் பயனுள்ள முறையில் தீர்க்கின்றன. ஒரு மங்கலுக்காகவும் ஒரு நகர்வுக்காகவும் மட்டும் பெரிய லைப்ரரியைச் சுமக்கும் தேவை போய்விட்டது.

நான்காவது, உலாவி நிறுவனங்களே கூடிச் செய்யும் வேலை. வெப்-பிளாட்ஃபார்ம்-டெஸ்ட்ஸ் என்ற பொதுச் சோதனைத் தொகுப்பும், 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோஸில்லா, இகாலியா, போகூப் ஆகியவை சேர்ந்து நடத்தும் இன்டராப் திட்டமும் வேறுபாடுகளை ஊற்றுக்கண்ணிலேயே அடைக்கின்றன. ஆயினும் புதிய வசதிகள் ஒரே நாளில் வருவதில்லை. 'வியூ டிரான்சிஷன்ஸ்' 2023இல் குரோமிலும், 2024இல் சஃபாரியிலும், 2025இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. எஞ்சின்கள் மூன்றாகக் குறைந்தாலும் இந்த இடைக்காலம் என்றும் இருக்கும்.

திருத்தும் வரிசை

பழுதடைந்த அனிமேஷன் நிரலைக் கையில் எடுப்பவர் எங்கிருந்து தொடங்குவது? முதலில் பழுதைத் தனியே பிரித்து, அது மட்டும் நிகழும் மிகச் சிறிய பக்கத்தை உருவாக்க வேண்டும். பல சமயம் பிரிக்கும்போதே காரணம் வெளிப்படும். அடுத்து, பக்கம் தரநிலை முறைமையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நான்கு ஊகங்களையும் வரிசையாகக் கேட்க வேண்டும்: தொடக்க மதிப்பும் அலகும் எழுதப்பட்டிருக்கின்றனவா, இடம் நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறதா, முடிவு நிகழ்வு வராவிட்டால் என்ன ஆகும், எழுத்தை வெட்டுகிறோமா. இவை நான்கும் சரியாக இருந்தும் பழுது நீடித்தால் மட்டுமே அது உண்மையான உலாவிக் குறை. அப்போது திறனைச் சோதித்து மாற்றுவழி அமைத்து, எந்தப் பதிப்புக்காக அமைத்தோம் என்று அருகிலேயே குறித்துவைக்க வேண்டும். பின்னால் வருபவர் அதை அகற்ற அந்தக் குறிப்பே துணிவு தரும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அசைவே இல்லாமலும் பக்கம் தன் இறுதி நிலையை அடைய வேண்டும். மெனு விரியாவிட்டாலும் திறக்க வேண்டும். பெட்டி மங்காவிட்டாலும் மூட வேண்டும். பழைய உலாவிக்காரருக்கு மட்டுமான சலுகை என்று இதை எண்ணக் கூடாது. அசைவுகளால் தலைசுற்றலும் குமட்டலும் அடைவோர் தம் சாதனத்தில் அசைவைக் குறைக்கச் சொல்லலாம். அந்த விருப்பத்தை அறியும் 'பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' வினவல் 2017இல் சஃபாரியிலும், 2018இல் ஃபயர்ஃபாக்ஸிலும், 2019இல் குரோமிலும் வந்துவிட்டது. அவர்களுக்காகச் செய்யும் ஏற்பாடும், வசதியற்ற உலாவிக்காகச் செய்யும் ஏற்பாடும் நிரலில் ஒரே கிளை. அந்தக் கிளையை முதலில் எழுதி, அசைவை அதன் மேல் சேர்ப்பவர் இரு தரப்பாருக்கும் ஒருசேர நியாயம் செய்கிறார். உலாவிகள் இனியும் மாறும், திரைகளின் வேகம் கூடும், புதிய வசதிகள் ஒன்றில் முந்தியும் ஒன்றில் பிந்தியும் வரும். அந்த மாற்றங்களில் எது நேர்ந்தாலும் இந்த வரிசையில் எழுதப்பட்ட பக்கம் பயனரின் வேலையை முடித்துத் தரும். பொருந்தாமைத் திருத்தத்தின் வெற்றியை அந்த ஒன்றை வைத்தே அளக்க வேண்டும்.